முடிவு நாளும் முடிவிலாக் காலமும்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் காட்டேரிக்குப்பம். அப்பெயரைக் 'காட்டேரி' என்று சேர்த்துப் படிப்போர்க்கு அச்சந்தரும் ஓர் உருவம் நினைவுக்கு வரும். 'காட்டு ஏரி' என்று பிரித்துப் படிப்போர்க்கு மரஞ்சூழ்ந்த நீர்நிலை தோன்றும். எழுத்து ஒன்றே, படிப்பவர் உள்ளம் எதைக் கொண்டுவருகிறதோ அதுவே பொருளாகிறது. காலத்தைக் கணக்கிட்டவர்கள் எழுதிவைத்த எண்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு.

2012ஆம் ஆண்டு மார்கழி பிறந்த வாரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, வர்ற வெள்ளிக்கிழமை உலகம் அழியப் போகுதாமே, அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கணுமா?" என்று கேட்டான். கேள்வியில் பாதி குறும்பு, பாதி உண்மையான அச்சம். அருகில் கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் உழவர் நின்று கேட்டுவிட்டு, "எங்களுக்குப் போன மார்கழியிலேயே உலகம் அழிஞ்சு போச்சு தம்பி, இனிமே என்ன அழியப் போகுது?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் குறித்தது 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலை. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் வாழையும் கரும்பும் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன.

பிள்ளையின் அச்சமும் உழவரின் பெருமூச்சும் அன்று முதல் என் உள்ளத்தில் ஒன்றாகவே தங்கிவிட்டன. நாள் குறிக்கப்பட்ட அழிவு வரவில்லை. எந்த நாட்காட்டியும் நாள் குறிக்காத அழிவு வந்து போயிருந்தது. இவ்விரண்டையும் வைத்து, காலத்தைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த தெளிவை இவ்விழா மலரின் வாயிலாக நம் இல்லத்தாரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாயா மக்களின் கணக்கு

மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலா முதலிய நடு அமெரிக்க நாடுகளிலும் வாழ்ந்த, இன்றும் பல இலட்சம் பேராக வாழ்ந்துவரும் மக்கள் மாயா இனத்தார். பெயரொலியைக் கொண்டு இவர்களை நம் புராணங்களில் வரும் மயனோடு உறவாக்கிப் பேசுவோர் உண்டு. ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது. அவர்கள் பெருமைக்கு அவர்கள் கணக்கே போதும்.

அவர்கள் இருபதின் அடியாக எண்ணினர். சுழியத்துக்குத் தனிக்குறி கண்டனர். அக்குறிகளுள் ஒன்று சிப்பி வடிவினது. 260 நாள் கொண்ட சடங்கு ஆண்டும் 365 நாள் கொண்ட பருவ ஆண்டும் ஒருங்கே சுழன்றன. இரண்டும் தொடங்கிய இடத்தில் மீண்டும் சந்திக்க 18,980 நாட்கள், அதாவது ஏறத்தாழ 52 ஆண்டுகள் ஆகும். அதற்கும் மேற்பட்ட காலத்தைக் குறிக்க நெடுங்கணக்கு ஒன்று வைத்திருந்தனர். 20 நாள் ஓர் உயினால். 18 உயினால் கொண்ட 360 நாள் ஒரு துன். 20 துன் ஒரு கதுன். 20 கதுன் ஒரு பக்துன். ஒரு பக்துனுக்கு 1,44,000 நாட்கள். பதின்மூன்று பக்துன் நிறைவதற்கு 18,72,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 5,125 ஆண்டுகள். கி.மு. 3114 ஆகஸ்டு 11இல் தொடங்கியதாக ஆய்வாளர் கணித்த அந்தச் சுற்று 2012 டிசம்பர் 21இல் நிறைவுற்றது. செய்தி இவ்வளவே.

நிறைவு என்றால் அழிவா? நம் அறுபதாண்டுச் சுழற்சியை எண்ணிப் பார்க்கலாம். 1987 சித்திரையில் அட்சய ஆண்டு முடிந்தது. அறுபது பெயரும் தீர்ந்துவிட்டன என்று எவரும் அஞ்சவில்லை. மறுநாள் பிரபவ பிறந்தது. வேப்பம்பூப் பச்சடி வைத்துப் புத்தாண்டைக் கொண்டாடினோம். மாயா மக்களும் அவ்வாறே கருதினர் என்பதற்கு அவர்கள் கல்லெழுத்தே சாட்சி. பலென்கே நகரில் பகால் மன்னனுடைய முடிசூட்டு நாளின் நினைவு கி.பி. 4772இல் வரும் என்று பொறித்துள்ளனர். 2012இல் உலகம் முடியும் என்று நம்பியவர்கள் அதற்கப்பால் 2,760 ஆண்டு கடந்த ஒரு விழாவுக்கு நாள் குறிப்பார்களா? குவாத்தமாலாவின் சுல்துன் என்னுமிடத்துச் சுவரில் காணப்பெற்று 2012இல் வெளியிடப்பட்ட கணக்குகளும் பல்லாயிரம் ஆண்டு தூரம் செல்கின்றன.

அவ்வாறாயின் அழிவுக் கதை எங்கிருந்து வந்தது? மாயா மக்களிடமிருந்து வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாட்டில் எழுதப்பட்ட நூல்கள் அதை வளர்த்தன. 1966இல் மாயாவியல் அறிஞர் மைக்கேல் கோ எழுதிய நூலில் ஓர் ஊகமாக இடம்பெற்றது, 1987இல் ஹோசே ஆர்குவேயெஸ் எழுதிய நூலால் ஒரு நம்பிக்கையாக மாறிப் பரவியது. 2009இல் '2012' என்னும் ஆலிவுட் திரைப்படம் அதைக் கண்முன் காட்டியது. தொலைக்காட்சி அதை எங்கள் ஊர்ப் பிள்ளை வரையில் கொண்டுவந்தது. பிரான்சில் புகாராஷ் என்னும் மலையில் மட்டும் உயிர் பிழைக்கலாம் என்ற வதந்தியால் அம்மலைக்குச் செல்லும் வழியைக் காவல்துறை அடைக்க நேர்ந்தது. சீனாவில் அழிவுச் செய்தி பரப்பிய ஒரு கூட்டத்தாரில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அந்நாளில் குவாத்தமாலாவின் மாயா மக்களோ புதிய சுற்றின் பிறப்பைத் தீ வளர்த்து வரவேற்றனர். தங்கள் காலக் கணக்கைப் பிறர் வாணிபமாக்கியதை அவர்கள் அமைப்புகள் கண்டித்தன.

ஓலை எரிந்தால் பிறர் பேசுவர்

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாயா மக்களிடம் மரப்பட்டைத் தாளில் எழுதிய ஏடுகள் பல இருந்தன. 1562 ஜூலையில் யுகத்தானின் மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவற்றைத் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியவை நான்கே. அவற்றுள் செருமனியின் திரெஸ்தென் நகரில் உள்ள ஏட்டில் வெள்ளிக் கோளின் 584 நாள் சுழற்சியும் கிரகணங்கள் நேரக்கூடிய நாட்களும் வாய்பாடாக உள்ளன. நான்கு ஏட்டிலேயே இத்தனை நுட்பம் என்றால், எரிந்தவற்றில் என்னென்ன இருந்தனவோ!

தன் நூலை இழந்த சமூகத்தின் பெயரால் எவர் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். மறுக்க ஏடு இராது. இது நமக்கு அயலான துயரம் அன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதி முழுமையாக நம்மிடம் இல்லை. உதிர்ந்த சில பாடல்களே உள்ளன. சீவகசிந்தாமணி பிழைத்து 1887இல் அச்சேறியதற்கு உ.வே. சாமிநாதையரின் உழைப்பு ஒரு காரணம். குடந்தைச் சமண இல்லத்தார் அந்நூலைக் கைவிடாமல் ஓதிவந்ததும் ஐயங்களை அவருக்குத் தெளிவித்ததும் மற்றொரு காரணம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைக்கட்டு ஒன்று கரையானுக்கு இரையாகும்போது, நம்மைப் பற்றிப் பிறர் கட்டப்போகும் கதைக்கு இடம் திறக்கிறது.

அஞ்சிய நாட்கள் பல

கோள்கள் ஓரிடத்தில் கூடினால் உலகுக்குத் தீங்கு என்ற எண்ணம் மிகப் பழையது. 1186 செப்டம்பரில் கோள்கள் துலா இராசியில் கூடியபோது ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பெருங்காற்று வீசி நகரங்கள் அழியும் என்று கடிதங்கள் பரவின. பாரசீகக் கவிஞர் அன்வரியும் அவ்வாறே கணித்தார் என்றும், குறித்த நாளில் விளக்கு அணையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை என்றும் மரபுச் செய்தி கூறும். 1524 பிப்ரவரியில் மீன இராசியில் கோள்கள் கூடியபோது ஊழிவெள்ளம் வரும் என்று ஐரோப்பா அஞ்சியது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ முடிவு நாள் என்று நம்பி, விளைந்த பயிரை அறுக்காமலே காத்திருந்தவரும் உண்டு.

நம் நாட்டில் மூத்தோர் பலர்க்கு நினைவிருப்பது 1962இன் அஷ்டக்கிரகச் சேர்க்கை. அவ்வாண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை, தை அமாவாசையை ஒட்டி, சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது ஆகிய எட்டும் மகர இராசியில் கூடின. நாடெங்கும் வேள்விகள் நடந்தன. வீட்டை விட்டு வெளிச்செல்ல அஞ்சியோர் பலர். பயணங்களும் மணவினைகளும் தள்ளிவைக்கப்பட்டன. பிரதமர் நேரு இதை நகைப்புக்குரியது என்று ஒதுக்கினார். அமாவாசை கழிந்தது, பசிபிக் பெருங்கடற் பகுதியில் ஒரு முழுச் சூரிய கிரகணம் தோன்றி மறைந்தது, வேறொன்றும் நிகழவில்லை. அந்தப் பிப்ரவரி மாதமே நாட்டில் பொதுத்தேர்தல் நடந்தது. புதுச்சேரி மண்ணுக்கோ அது நற்செய்தியின் ஆண்டு. 1954 நவம்பர் 1இல் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்த நம் பகுதி, 1962 ஆகஸ்டு 16இல்தான் சட்டப்படி முழுமையாக இணைந்தது. உலகம் முடிய வேண்டிய ஆண்டில் நமக்கு ஒரு தொடக்கம் வாய்த்தது.

கோள்கள் கூடுவதால் நிலவுலகுக்குக் கேடில்லை என்பதை எளிதில் உணரலாம். கடலை ஏற்றி இறக்கும் ஆற்றல் சந்திரனுக்கும் சூரியனுக்கும் உண்டு. மற்றக் கோள்களின் இழுப்பு, தொலைவு மிகுதியால், அவற்றோடு ஒப்பிட்டால் எண்ணத்தக்கதன்று. மேலும், இராசியில் 'கூடுதல்' என்பது நம் கண்ணுக்குத் தோன்றும் திசையின் ஒற்றுமையே. தெருவின் கோடியில் நிற்பவர்க்கு விளக்குக் கம்பங்கள் ஒன்றின்பின் ஒன்றாகச் சேர்ந்து தெரிகின்றன; கம்பங்கள் நகர்ந்து வந்து சேர்வதில்லை.

கலியுகத் தொடக்கமாகக் கூறப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18கூட இத்தகைய சேர்க்கை ஒன்றைப் பின்னோக்கிக் கணித்துப் பெற்ற நாளே என்பது ஆய்வாளர் முடிபு. கி.பி. 499இல் ஆரியபட்டர் தமக்கு 23 வயதானபோது கலியில் 3,600 ஆண்டு கழிந்ததாகக் குறித்தார். மாயா நெடுங்கணக்கின் தொடக்கம் கி.மு. 3114. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகூட இல்லை. இதைக் காட்டி மறைபொருள் பேசுவோர் உண்டு. இரு மக்களும் தத்தம் கணக்கைப் பின்னோக்கி ஓட்டி ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தனர். அவை அருகருகே விழுந்தன. தற்செயலைத் தற்செயலாக விடுதலும் அறிவே.

புதுவை மண்ணில் சோழிக் கணக்கு

வானத்தைக் கண்டு அஞ்சியோர் ஒருபுறம் இருக்க, எண்ணி அறிந்தோரும் நம் பகுதியில் வாழ்ந்தனர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதை அளக்கக் கில்லோம் லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலார் 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் 1761 சனவரியில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றினர். அவ்வாண்டு சூன் 6ஆம் நாள் நிகழ்ச்சியை அவர் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மேல் நோக்கிடம் அமைத்தார். 1769 சூன் 4 காலையில் முகில் திரண்டு சூரியனை மறைத்துவிட்டது. 1771இல் தாயகம் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கே தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் அன்று சிறந்தவையாகக் கருதப்பட்ட தோபியாஸ் மாயரின் வாய்பாடுகள் 68 விநாடி மிகையாகக் காட்டின. இதை லெ ழாந்தீல் தம் பயண நூலில் மறைக்காமல் எழுதினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் ஜான் வாரன் என்பார் 'கால சங்கலித' என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் விவரித்தார். ஏட்டில் ஓர் எண்ணும் எழுதவில்லை. பின்னாளில் 1952இல் அறிவியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நியூகபவர் அக்கணக்கைச் சோதித்து, கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடமே என்றும், நடுவில் 23 நிமிடமும் இறுதியில் 52 நிமிடமும் இருந்ததென்றும் காட்டினார். சந்திரனின் 248 நாள் சுழற்சியை அடிப்படையாகக் கொண்ட அம்முறையின் தொன்மையைக் கண்டு அவர் வியந்தார். அந்தக் கணிதர் ஏன் அவ்வாறு கணிக்கிறோம் என்ற காரணத்தை அறியாமலே, கற்ற முறையைப் பிசகாமல் காத்துவந்தார் என்பதையும் நாம் சேர்த்தே குறிக்க வேண்டும். மரபு காக்கப்படுவது நன்று. அதன் காரணத்தோடு காக்கப்படுவது அதனினும் நன்று.

மாயா மக்கள் சிப்பியைச் சுழியமாக வரைந்தனர். நம்மவர் சோழியை எண்ணாக வைத்தனர். இரு திறத்தாரும் ஒரே வெள்ளியை, ஒரே நிலவை எண்ணினர். 2012 சூன் 6 காலையில் அதே வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. அடுத்த கடப்பு 2117 டிசம்பரில். லெ ழாந்தீல் இரு கடல் கடந்து தேடிய காட்சி அவ்வாண்டு நம் கூரைக்கு மேலேயே நிகழ்ந்தது. நம் பிள்ளைகளுக்கோ அவ்வாண்டு அழிவின் ஆண்டு என்றே அறிமுகமாயிற்று. இது வருந்தத்தக்கது.

லோகவிபாகம் பிறந்த ஊர்

இனி நம் மரபுக்கு வருவோம். பாகூரைக் கடந்து தெற்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர். அங்குள்ள திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலிபுரம், சமணர்தம் கல்விக்கும் தவத்துக்கும் இருப்பிடமாக விளங்கிய ஊர் என்பர் அறிஞர். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்ற உலகியல் நூலைப் பாகதத்தில் அங்கே இயற்றினார். மூலம் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி வடமொழியில் ஆக்கிய பெயர்ப்பு அதன் காலக்குறிப்பைக் காத்துத் தந்தது.

அந்நூல் இருவகையில் வியப்புக்குரியது. முதலாவது, இயற்றிய நாளைக் குறிக்கச் சனி, வியாழன், சந்திரன் ஆகியவை நின்ற இடங்களைக் கூறுகிறது. கோள்நிலை அங்கே அச்சத்துக்குரிய அடையாளம் அன்று. நாளை ஐயமறப் பதிக்கும் முத்திரை. இரண்டாவது, பேரெண்களை இடமதிப்பு முறையில், சூனியம், அம்பரம் முதலிய சொற்களால் சுழியத்தைக் குறித்துக் கூறுகிறது. இடமதிப்போடு கூடிய சுழிய வழக்கின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக உலகக் கணித வரலாற்றாசிரியர் இதைக் காட்டுவர். அச்சான்று நம் ஊரிலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவில் பிறந்தது என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

இவ்வளவு பெரிய எண்கள் சமணர்க்கு ஏன் தேவைப்பட்டன? காலத்துக்கு முதலும் முடிவும் இல்லை என்று கண்டவர்கள் அவர்கள். ஒரு யோசனை அகலமும் ஆழமும் உள்ள குழியில் மிக நுண்ணிய மயிர்த்துணுக்குகளை நிறைத்து, நூறாண்டுக்கு ஒன்றாக எடுத்தால் அது ஒழியும் காலத்தை அடியாகக் கொண்டு பல்யோபமத்தை விளக்கினர். பத்துக் கோடாகோடிப் பல்யோபமம் ஒரு சாகரோபமம். பத்துக் கோடாகோடிச் சாகரோபமம் இறங்குமுகமான அவசர்ப்பிணி. அத்தனையே ஏறுமுகமான உற்சர்ப்பிணி. இரண்டும் வண்டிச் சக்கரம்போல் மாறி மாறி வரும்.

அவசர்ப்பிணியில் ஆறு காலங்கள். மிக நல்ல காலம் நான்கு கோடாகோடிச் சாகரம்; நல்ல காலம் மூன்று; நன்மை மிக்குத் தீமை கலந்தது இரண்டு; தீமை மிக்கு நன்மை கலந்தது 42,000 ஆண்டு குறைந்த ஒன்று; தீய காலம் 21,000 ஆண்டு; மிகத் தீய காலம் 21,000 ஆண்டு. நான்காம் காலத்தில் தீர்த்தங்கரர் தோன்றினர். கி.மு. 527இல் தீபாவளி விடியலில் வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய மூன்று ஆண்டு எட்டரைத் திங்களில் ஐந்தாம் காலம் தொடங்கிற்று.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நான் அன்று போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். 2012 டிசம்பரில் நடந்தது வீர நிர்வாண ஆண்டு 2539. ஐந்தாம் காலத்தில் கழிந்தது ஏறத்தாழ 2,535 ஆண்டு. எஞ்சியது 18,465 ஆண்டு. அதன்பின் ஆறாம் காலம் 21,000 ஆண்டு. கூட்டினால் 39,465. "ஆகவே பரீட்சைக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது" என்றேன். அவன் சிரித்துவிட்டுச் சென்றான்.

ஊழியும் நம் ஆகமமும்

நம் நூல்களிலும் ஊழி கூறப்பட்டுள்ளதே என்று கேட்போர்க்கு மறைக்காமல் விடை கூற வேண்டும். ஆம், கூறப்பட்டுள்ளது. ஆறாம் காலத்தின் இறுதியில் ஏழு நாளுக்கு ஒருவகையாக ஏழுவகைத் தீமழை 49 நாள் பொழியும் என்று திரிலோகசாரம் போன்ற நூல்கள் விவரிக்கின்றன. ஆனால் மூன்று வேறுபாடுகளை நோக்க வேண்டும்.

முதலாவது, அது பரத கண்டத்தின் ஆரிய பூமிக்கு நேர்வது. மூவுலகின் அழிவு அன்று. உலகம் எவராலும் படைக்கப்படவில்லை. ஆதலின் எவராலும் அழிக்கப்படுவதும் இல்லை என்பது நம் கொள்கை. இரண்டாவது, அதில் எவருடைய சினமும் தண்டனையும் இல்லை; காலத்தின் இயல்பே உண்டு. மூன்றாவது, எழுபத்திரண்டு இணை மக்களும் பிற உயிர்களும் மலைக்குகைகளில் காக்கப்பட, அதன்பின் 49 நாள் நன்மழை பொழிந்து புல்லும் கொடியும் துளிர்க்கும், உற்சர்ப்பிணி தொடங்கும். முடிவைச் சொல்லுமிடத்திலேயே முளையையும் சேர்த்துச் சொன்னவர்கள் நம் ஆசிரியர்கள்.

நீண்ட காலத்தை நம்புதற்கு நூலேதான் வேண்டும் என்பதில்லை. சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் வெள்ளத்தில் புதைந்து கல்லான மரங்கள் அங்கே கிடக்கின்றன. மரத்தின் வரிகூட அழியாமல் கல்லில் நிற்கிறது. அந்தக் காடு அழிந்தது. அதன்மேல் வேறொரு காடு வந்தது. இன்று நாம் வந்து நிற்கிறோம்.

ஏழச்சமும் மூன்று மூடமும்

சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் நற்காட்சிக்கு மாசாக மூன்று மூடங்களைக் கூறினார்: உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம். தமிழில் அருங்கலச்செப்பு அவற்றை நமக்கு எளிதாக்கித் தந்தது. ஊரார் அஞ்சுகின்றனர் என்பதற்காகத் தானும் அஞ்சி, ஊரார் செய்யும் பரிகாரத்தைத் தானும் செய்வது உலக மூடத்தின் பாற்படும். நற்காட்சியர்க்கு ஏழு அச்சங்கள் இல்லை என்பர்: இம்மை, மறுமை, நோய், சாவு, காப்பின்மை, மறைவிடமின்மை, திடீர் நிகழ்ச்சி ஆகியவை பற்றிய அச்சங்கள். கடைசியில் கூறிய 'ஆகஸ்மிக' அச்சமே ஒவ்வொரு முடிவு நாள் வதந்திக்கும் எரிபொருள்.

அச்சமின்மை என்பது கவனமின்மை அன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைக்கால், புதுச்சேரிக் கரைகளைத் தாக்கியபோது எந்தச் சோதிட எச்சரிக்கையும் முன்வரவில்லை. அதன்பின்னரே இந்தியப் பெருங்கடலுக்கு அறிவியல் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. 'தானே' வருமுன் வானிலைத் துறை சொன்னது; கேட்டு நகர்ந்தவர் உயிர் பிழைத்தனர். புயலுக்குப் பின் வேண்டியிருந்தது அரிசியும் பாலும் தார்ப்பாயும், சாய்ந்த மரத்தை அறுக்க நான்கு கைகளும். பரிகாரத்துக்குச் செலவிடும் பொருளை இத்தகைய உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானத்துக்கு வைப்பதே சிராவகர்க்கு உரியது. அபயம் என்றால் அச்சந்தீர்த்தல். வதந்தி கேட்டு நடுங்கும் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதும் அபயதானமே.

கடைசி நால்வர்

ஐந்தாம் காலத்தின் முடிவைப் பற்றி நம் மரபு கூறும் ஒரு செய்தியோடு நிறைவு செய்கிறேன். அக்காலத்தின் இறுதியில் நால்வகைச் சங்கத்தில் முனிவர் ஒருவர், ஆர்யாங்கனை ஒருவர், சிராவகர் ஒருவர், சிராவகி ஒருவர் என நால்வரே எஞ்சியிருப்பர். கொடுங்கோலனாகிய கல்கி, முனிவரின் கையில் இட்ட முதற்கவளத்தையே வரியாகக் கேட்பான். முனிவர் அதைத் தந்துவிட்டு உண்ணாமல் மீள்வார். காலம் முடிய இன்னும் மூன்று நாளே உள்ளதென்று அவதி ஞானத்தால் அறிந்து ஏனையோர்க்கும் அறிவிப்பார். நால்வரும் சல்லேகனை ஏற்று அமைதியாக உடல் நீப்பர்.

முடிவு நாள் அவர்களுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. அவர்கள் ஓடவில்லை, ஒளியவில்லை, மலை தேடவில்லை, கவளத்துக்காகப் போரிடவுமில்லை. முந்தைய நாள் எந்த விரதத்தில் நின்றனரோ அதே விரதத்தில் நின்றனர். உலகம் இன்று முடியினும் 39,000 ஆண்டு கழித்து முடியினும், இல்லறத்தாராகிய நமக்கு இன்றைய கடமை ஒன்றே: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை.

அடுத்த முடிவு நாள் வதந்தி ஒருநாள் வரும், வாராதிராது. அன்று நம் பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்பார்கள். நம் கையில் ஓர் ஓலை இருக்கட்டும். நாவில் ஒரு கணக்கு இருக்கட்டும். முகத்தில் அச்சம் இல்லாதிருக்கட்டும்.

அறம் வளர்க. அருகன் திருவடி வாழ்க.